“ரெடி” என்று எப்போது சொல்லலாம்? கூபர்நெட்டிஸ் கேள்வி-பதில்

கூபர்நெட்டிஸ் என்ற கன்டெய்னர் மேலாண்மை அமைப்பில் நாமே வரையறுக்கும் பொருள்வகை கஸ்டம் ரிசோர்ஸ், கேட்ட நிலைக்கு அதைக் கொண்டுவரும் நிரல் கன்ட்ரோலர். அப்படி கஸ்டம் ரிசோர்ஸ் ஒன்றை உருவாக்கிக் கொடுக்கும் கன்ட்ரோலர், அது பயன்படுத்தத் தயாராகிவிட்டது என்று எப்படிச் சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முதல் கேள்வியில் வரும் “கேஷ்” உதாரணத்தையே மற்ற பதில்களிலும் வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் டெவலப்பர்களுக்கு ரெடிஸ் (நினைவகத்தில் ஓடும் டேட்டாபேஸ்) எடுத்துக் கொடுக்க “கேஷ்” என்று ஒரு கஸ்டம் ரிசோர்ஸ் வைத்திருக்கிறோம். கன்ட்ரோலரை கோ மொழியில், கியூப்பில்டர் என்ற கருவி கொண்டு எழுதினோம். ஒரு கேஷ் போட்டால் ஸ்டேட்ஃபுல்செட் (பாட் எனப்படும் கன்டெய்னர் தொகுதிகளை நடத்துவது), சர்வீஸ் (நெட்வொர்க் முகவரி), சீக்ரெட் (பாஸ்வேர்டு வைக்கும் இடம்) மூன்றையும் அது உருவாக்கிவிடும். ஆனால் க்யூப்சிடிஎல் என்ற கட்டளைக் கருவியில் கெட் அடித்தால் பெயரும் வயதும் மட்டும்தான் தெரிகிறது. “என் கேஷ் வந்துடுச்சா?” என்று தினமும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்டேட்டஸில் (இப்போதைய நிலையைச் சொல்லும் பகுதி) ரெடி என்று ஒரு பூலியன் (ட்ரூ/ஃபால்ஸ் மதிப்பு) வைத்தால் போதுமா?

பூலியன் வேண்டாம். கோ மொழியில் பூலியனின் தொடக்க மதிப்பு ஃபால்ஸ், அதனால் கன்ட்ரோலர் இன்னும் தொடவே தொடாத கேஷும், தொட்டுப் பார்த்து உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்த கேஷும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே மாதிரி தெரியும். ஏன் ரெடி ஆகவில்லை என்று எழுதவும் அதில் இடம் கிடையாது. “வந்துடுச்சா” என்று கேட்டவர்கள் இனி “ஏன் வரல” என்று கேட்பார்கள், அவ்வளவுதான் மாறும்.

சிலர் பாட்களில் பென்டிங், ரன்னிங் என்று வருவதைப் பார்த்து “ஃபேஸ்” என்று ஒரு ஃபீல்டு வைத்துவிடுகிறார்கள். அதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். ரன்னிங் என்று காட்டும் பாட் ரெடியாகாமல் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எல்லா நிலையையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் அப்படித்தான் ஆகும். பின்னால் புதிதாக ஒரு சொல் சேர்த்தால், பழைய சொற்களை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்கள் உடையும். கூபர்நெட்டிஸின் ஏபிஐ எழுதும் வழிமுறைகளே ஃபேஸ் முறையைக் கைவிடச் சொல்கின்றன.

வைக்க வேண்டியது கண்டிஷன்கள். 2020-ல் வந்த 1.19 பதிப்பிலிருந்து பொதுவான ஒரு கண்டிஷன் வகை கூபர்நெட்டிஸின் ஏபிஐமெஷினரி தொகுப்பிலேயே இருக்கிறது, அதற்கு முன் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் தனக்குத் தோன்றியபடி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தது. அதில் ஆறு ஃபீல்டுகள்: டைப், ஸ்டேட்டஸ், அப்சர்வ்ட்ஜெனரேஷன், லாஸ்ட்டிரான்சிஷன்டைம், ரீசன், மெசேஜ். உங்களுக்கு டைப் “ரெடி”. ஸ்டேட்டஸ் ட்ரூ, ஃபால்ஸ், அன்நோன் என்ற மூன்றில் ஒன்று. ரீசன் என்பது மெஷின் படிப்பதற்கான ஒற்றைச் சொல், மெசேஜ் மனிதர் படிப்பதற்கான வாக்கியம். கன்ட்ரோலர் ஒரு கேஷை முதல் தடவை பார்க்கும்போதே ரெடி அன்நோன் என்று எழுதிவிடுங்கள். “கண்ணில் பட்டுவிட்டது, முடிவு இன்னும் தெரியவில்லை” என்பது கேட்கிறவருக்கு உண்மையிலேயே உதவும் பதில்.

சரி, எழுதுவதற்கு முன் சிஆர்டியில் (கஸ்டம் ரிசோர்ஸின் வரையறை) ஸ்டேட்டஸ் சப்ரிசோர்ஸ் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2019-ல் வந்த 1.16-லிருந்து அது நிலையான வசதி. அது இருந்தால் ஸ்பெக்குக்கு (பயனர் கேட்பதை எழுதும் பகுதி) ஒரு வாசல், ஸ்டேட்டஸுக்கு இன்னொரு வாசல் என்று பிரிந்துவிடும். யாமலில் யாராவது தெரியாமல் ஸ்டேட்டஸையும் சேர்த்து அப்ளை செய்தாலும் ஏபிஐ சர்வர் அதை ஒதுக்கிவிடும், கன்ட்ரோலர் ஸ்டேட்டஸ் வாசலில் எழுதும்போது ஸ்பெக் மாறாது. ரொம்பப் பேர் தடுக்கி விழும் இடமும் இதுதான். இதற்கான கியூப்பில்டர் மார்க்கரை (கோடில் எழுதும் சிறப்புக் குறிப்பு வரி) போடாமல் விட்டால், ஸ்டேட்டஸ் அப்டேட்டுக்கு 404 வரும், “ரிசோர்ஸ் அங்கேதானே இருக்கு” என்று குழம்பிப்போவீர்கள். மார்க்கர் இருந்தும் சிஆர்டியைத் திரும்ப உருவாக்கி கிளஸ்டரில் போடாவிட்டால், ஸ்கீமாவில் இல்லாத கண்டிஷன்ஸ் ஃபீல்டை ஏபிஐ சர்வர் கழித்துவிட்டுச் சேமிக்கும், பிழை என்று எதுவும் திரும்பி வராது. ஆர்பேக்கில் (யாருக்கு என்ன அனுமதி என்ற விதிகள்) கேஷுக்கு அனுமதி கொடுத்துவிட்டு கேஷின் ஸ்டேட்டஸுக்குத் தனியாகக் கொடுக்காவிட்டால் 403. மூன்றும் பத்து நிமிட வேலை, தெரியாவிட்டால் ஒரு நாள் போகும்.

இனி முக்கியமானது: ரெடி ட்ரூ என்று எதைப் பார்த்து முடிவு செய்வது? நான் பார்த்த கன்ட்ரோலர்களில் பல, ரீகன்சைல் ஃபங்ஷனின் (கேட்டதையும் இருப்பதையும் ஒப்பிட்டுச் சரிசெய்வது) கடைசி வரியில், எல்லாவற்றையும் உருவாக்கி முடித்ததும் ரெடி ட்ரூ என்று எழுதுகின்றன. ஏபிஐ சர்வர் உங்கள் ஸ்டேட்ஃபுல்செட்டை வாங்கி வைத்துக்கொண்டது என்பதற்கு மேல் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. பாட் எந்த நோடிலும் இடம் கிடைக்காமல் நிற்கலாம், இமேஜ் இறங்காமல் இருக்கலாம், டிஸ்க் ஒட்டாமல் இருக்கலாம். ரெடி என்ற சொல்லை நம்பி அடுத்து ஒருவர் தன் அப்ளிகேஷனை இந்த கேஷோடு இணைக்கப்போகிறார். அவர் இணைக்கும் நொடியில் எதிர்முனையில் ரெடிஸ் பதில் சொல்ல வேண்டும், அந்த அளவுக்கு நிச்சயம் வந்த பிறகுதான் ட்ரூ.

உங்கள் கேஷுக்கு அது எப்படி என்றால்: ஸ்டேட்ஃபுல்செட்டைத் திரும்பப் படியுங்கள். அதன் அப்சர்வ்ட்ஜெனரேஷன் அதன் ஜெனரேஷனை (ஸ்பெக் மாறும்போதெல்லாம் கூடும் எண், அடுத்த பதிலில் விரிவாக) எட்டியிருக்க வேண்டும். ரெடி ரெப்ளிக்கா (தயாரான பாட் நகல்) எண்ணிக்கை கேட்ட எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். இத்தோடு நிறுத்தாதீர்கள், ரெடி ரெப்ளிக்காவில் பழைய வடிவத்தில் ஓடும் பாட்களும் சேர்ந்தே எண்ணப்படும், அதனால் அப்டேட்டட் ரெப்ளிக்காவும் முழு எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஸ்டேட்ஃபுல்செட்டுக்குப் பதில் டெப்ளாய்மென்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: டெப்ளாய்மென்ட்டின் “அவெய்லபிள்” கண்டிஷனை அப்படியே எடுத்து ரெடி என்று நகல் எடுக்காதீர்கள். புது வெர்ஷன் எழுந்திருக்காமல் தவித்தாலும் பழைய பாட்கள் போதுமான அளவு ஓடிக்கொண்டிருந்தால் அவெய்லபிள் ட்ரூவாகவே இருக்கும்.

கன்ட்ரோலரே ரெடிஸுக்கு ஒரு பிங் அடித்துப் பார்க்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். என் கருத்து, வேண்டாம். அந்த வேலையை பாட்டின் ரெடினெஸ் ப்ரோபுக்கு (தயாரா என்று பார்க்கும் சோதனை) கொடுங்கள். ஒவ்வொரு நோடிலும் பாட்களை ஓட்டும் க்யூப்லெட் எப்படியும் பத்து நொடிக்கு ஒரு முறை அதைச் செய்கிறது, மாற்றாவிட்டால் அதுதான் இயல்பான இடைவெளி. கன்ட்ரோலர் வேறொரு நேம்ஸ்பேஸில் உட்கார்ந்திருக்கும், நெட்வொர்க் பாலிசி அதைத் தடுக்கலாம், இருநூறு கேஷ் இருந்தால் இருநூறுக்கும் பாஸ்வேர்டு எடுத்து இணைப்பு திறக்க வேண்டும். ப்ரோப் சரியாக எழுதப்பட்டிருந்தால் பாட்டின் ரெடியே போதிய சான்று. சரியாக எழுதப்படவில்லை என்றால் முதலில் அதைத் திருத்துங்கள், ரெடிஸ் டேட்டாவை டிஸ்க்கிலிருந்து ஏற்றி முடிக்கும் முன்பே போர்ட்டைத் திறந்துவிடும் என்பதால் வெறும் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் ப்ரோப் இங்கே ஏமாற்றிவிடும்.

கடைசியாக, கெட் காட்டும் பட்டியலில் கூடுதல் நெடுவரிசை சேர்க்கும் வசதி சிஆர்டியில் இருக்கிறது. ரெடி கண்டிஷனின் ஸ்டேட்டஸை ஒரு நெடுவரிசையாகவும் ரீசனை இன்னொரு நெடுவரிசையாகவும் வையுங்கள். க்யூப்சிடிஎல் கெட் அடித்ததும் “ஃபால்ஸ், சீக்ரெட் இல்லை” என்று ஒரே வரியில் தெரிந்தால் உங்களிடம் கேட்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள்.

கேள்வி: ரெடி கண்டிஷன் வைத்திருக்கிறோம், பைப்லைனில் க்யூப்சிடிஎல் வெயிட் கொண்டு காத்திருக்கிறோம். புதிதாக உருவாக்கும்போது ஒழுங்காகக் காத்திருக்கிறது. ஆனால் இருப்பதை மாற்றும்போது சில நேரம் ஒரு நொடி கூட நிற்காமல் “கண்டிஷன் நிறைவேறியது” என்று தாண்டிப் போய்விடுகிறது. ஏன்?

இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு என் நன்றி, ஏனென்றால் இதே குழியில் நான் முழுதாக விழுந்து எழுந்திருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், டேட்டாபேஸை நடத்தும் கன்ட்ரோலர் ஒன்றை எங்கள் குழு பராமரித்தது. ஒரு மாலை வெர்ஷன் உயர்த்தும் மாற்றம் பைப்லைனில் போனது. அப்ளை முடிந்தது, வெயிட் உடனே பச்சை காட்டியது, அடுத்த படியில் இருந்த டெஸ்ட்கள் எல்லாம் பாஸ், நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். உண்மையில் நடந்தது என்னவென்றால், புது வெர்ஷனின் இமேஜ் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. டெஸ்ட்கள் ஓடிய அந்த நிமிடத்தில் பழைய பாட்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. கன்ட்ரோலர் அந்த நேரம் வேறு ரிசோர்ஸ்களில் சிக்கியிருந்ததால் இந்த மாற்றத்தை இன்னும் எடுக்கவே இல்லை, ஸ்டேட்டஸில் இருந்த ரெடி ட்ரூ நேற்றைய ஸ்பெக்குக்கு எழுதியது. சில நிமிடம் கழித்து கன்ட்ரோலர் மாற்றத்தை எடுத்துக்கொண்டது, ஒரு பாட்டை இறக்கியது, அது திரும்ப எழவில்லை. காலையில் வந்து பார்த்தால் மூன்றில் இரண்டு பாட்டோடு இரவு முழுக்க ஓடியிருக்கிறது. இமேஜ் பெயரைத் திருத்திப் போட்ட பிறகும் சரியாகவில்லை, ஸ்டேட்ஃபுல்செட்டின் இயல்பான வரிசை முறையில் உடைந்த பாட் ரெடியாகும் வரை அது காத்துக்கொண்டே இருக்கும், அந்த பாட்டை நாம் கையால் அழிக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டோம்.

இதற்கு மருந்து அப்சர்வ்ட்ஜெனரேஷன் என்ற அந்த ஒரு எண். ஸ்பெக் மாறும்போதெல்லாம் ஏபிஐ சர்வர் மெட்டாடேட்டாவில் உள்ள ஜெனரேஷனை ஒன்று கூட்டும். ஸ்டேட்டஸ் சப்ரிசோர்ஸ் இயக்கத்தில் இருந்தால், ஸ்டேட்டஸ் மாற்றத்துக்கு அந்த எண் கூட்டப்படாது. கன்ட்ரோலர் கண்டிஷனை எழுதும்போது “எந்த ஜெனரேஷனைப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறேன்” என்று அந்த எண்ணையும் கூடவே எழுத வேண்டும். ரெடி ட்ரூ, அப்சர்வ்ட்ஜெனரேஷன் 4, ஆனால் ஆப்ஜெக்ட்டின் ஜெனரேஷன் 5 என்றால் அந்த ட்ரூ பழைய செய்தி. க்யூப்சிடிஎல் வெயிட் இதைத் தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கும், எண் பின்தங்கியிருந்தால் காத்திருக்கும். ஆனால் அந்த ஃபீல்டு எழுதப்பட்டிருந்தால்தான். எழுதாவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை, ட்ரூ என்பதைப் பார்த்ததும் போய்விடும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். ரீகன்சைல் தொடங்கும்போது படித்த ஆப்ஜெக்ட்டின் ஜெனரேஷனைத்தான் போட வேண்டும். முடியும் நேரத்தில் ஆப்ஜெக்ட்டைத் திரும்பப் படித்து அதில் இருக்கும் புது எண்ணைப் போட்டால், பார்க்காத ஸ்பெக்கைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். 409 (இடையில் வேறு யாரோ மாற்றிவிட்டார்கள் என்ற மோதல் பிழை) வந்தால் திரும்பப் படித்து மறுபடி எழுதும் ரீட்ரை சுற்றுகளில் இந்தத் தவறு சத்தமில்லாமல் நுழைந்துவிடும். 409 வந்தால் நான் விட்டுவிடுவேன், அடுத்த ரீகன்சைல் எப்படியும் வரும்.

பிழையோடு பாதியில் திரும்பும் வழிகளையும் பாருங்கள். சீக்ரெட் கிடைக்கவில்லை என்று ஃபங்ஷன் நடுவிலேயே எரர் திருப்பினால், ஸ்டேட்டஸ் எழுதும் வரி ஓடாது, பழைய ட்ரூ அப்படியே நிற்கும். ஸ்டேட்டஸ் எழுதுவதை கோ மொழியின் டிஃபரில் வையுங்கள், எந்த வழியாக வெளியேறினாலும் அது ஓடும்.

அப்புறம் ஒன்று. வெயிட்டின் இயல்பான காலக்கெடு 30 நொடி மட்டுமே. டிஸ்க் ஒட்டி, இமேஜ் இறங்கி, ரெடிஸ் எழுந்து வர அது போதாது, டைம்அவுட்டை நீங்களே கொடுங்கள்.

கேள்வி: ரெடி சேர்த்த நாளிலிருந்து கன்ட்ரோலர் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது, லாக் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஓடியது. ஜெனரேஷன் மாறினால் மட்டும் எழுப்பு என்று ஒரு ஃபில்டர் போட்டோம். சுற்றுவது நின்றுவிட்டது, ஆனால் இப்போது ரெடி ட்ரூவாக மாறவே மாட்டேன் என்கிறது. பாட்கள் நன்றாகத்தான் ஓடுகின்றன.

இரண்டு பிரச்சினை, ஒன்றை மூடப்போய் இன்னொன்றைத் திறந்திருக்கிறீர்கள்.

முதலில் சுற்றியதற்குக் காரணம்: ஒவ்வொரு ரீகன்சைலிலும் லாஸ்ட்டிரான்சிஷன்டைமுக்கு அப்போதைய நேரத்தைப் போட்டிருப்பீர்கள். நேரம் மாறினால் ஸ்டேட்டஸ் மாறுகிறது, ஸ்டேட்டஸ் மாறினால் வாட்ச்சில் (மாற்றங்களைக் கவனிக்கும் இணைப்பு) ஒரு ஈவென்ட் வருகிறது, ஈவென்ட் வந்தால் ரீகன்சைல், அதில் மறுபடி புது நேரம். அந்த ஃபீல்டு “கடைசியாகப் பார்த்த நேரம்” கிடையாது, ட்ரூ-ஃபால்ஸ்-அன்நோன் கடைசியாக மாறிய நேரம். கண்டிஷன் லிஸ்ட்டில் கையால் அப்பெண்ட் செய்யாமல் ஏபிஐமெஷினரியில் இருக்கும் செட்ஸ்டேட்டஸ்கண்டிஷன் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள், நேரத்தை நீங்கள் நிரப்பாமல் விட்டால் ஸ்டேட்டஸ் மாறும்போது மட்டும் அதுவே புதுப்பிக்கும். மெசேஜில் “12 நொடியாகக் காத்திருக்கிறேன்” என்கிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணை வைத்தாலும் இதே சுழல் வரும். எதுவுமே மாறாத அப்டேட்டை அனுப்பினால் ஏபிஐ சர்வர் ஈவென்ட் எதுவும் கிளப்பாது, எனவே சுற்றுகிறது என்றால் ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று அர்த்தம். இரண்டு லாக் வரிகளுக்கு நடுவே ஆப்ஜெக்ட்டை எடுத்து ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, அந்த ஃபில்டர். கன்ட்ரோலர்-ரன்டைமில் (கியூப்பில்டர் பயன்படுத்தும் லைப்ரரி) அதை “வித்ஈவென்ட்ஃபில்டர்” வழியாகப் போட்டிருப்பீர்கள், அப்படிப் போட்டால் கேஷுக்கு மட்டுமின்றி நீங்கள் கவனிக்கும் ஸ்டேட்ஃபுல்செட்டுக்கும் சேர்ந்தே பொருந்தும். பாட் ரெடியாகும்போது ஸ்டேட்ஃபுல்செட்டில் மாறுவது ஸ்டேட்டஸ் மட்டும்தான், அதன் ஜெனரேஷன் மாறாது. ஆக நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அந்தச் செய்தியையே ஃபில்டர் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஃபில்டரை கேஷுக்கான “ஃபார்” பகுதிக்குள் மட்டும் வைத்து, “ஓன்ஸ்” பகுதியைத் திறந்து விடுங்கள்.

இன்னும் ரெடியாகவில்லை என்பதை எரராகத் திருப்புவதையும் சில இடங்களில் பார்க்கிறேன். எரர் திருப்பினால் மறுமுயற்சி 5 மில்லி நொடியில் தொடங்கி இரட்டிப்பாகிக்கொண்டே 1000 நொடி வரை போகும், அதாவது கிட்டத்தட்ட 17 நிமிடம். கேஷ் ரெடியாகி, ஈவென்ட் மட்டும் வராமல் போனால் அவ்வளவு நேரம் வெளியே தெரியாமல் கிடக்கலாம். காத்திருப்பது பிழை ஆகாது. கிளஸ்டருக்கு உள்ளே இருப்பதென்றால் வாட்ச்சை நம்புங்கள், கிளவுடில் வெளியே இருப்பதென்றால் 30 நொடி கழித்துத் திரும்ப வா என்று சொல்லிவிட்டு எரர் இல்லாமல் முடியுங்கள்.

கேள்வி: எங்கள் ஆபரேஷன்ஸ் குழுவில் எல்லோரும் தமிழர்கள். மெசேஜைத் தமிழில் எழுதலாமா? கூபர்நெட்டிஸ் ஏற்குமா?

மெசேஜில் தாராளமாக எழுதலாம். அது சாதாரண ஸ்ட்ரிங், 32,768 எழுத்து வரை இடம் இருக்கிறது, யுடிஎஃப்-8 எதுவானாலும் உள்ளே போகும். டைப்பிலும் ரீசனிலும் முடியாது, அவற்றுக்கு ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும் என்று ஸ்கீமாவிலேயே கட்டுப்பாடு இருக்கிறது, தமிழில் போட்டால் ஏபிஐ சர்வர் திருப்பி அனுப்பிவிடும். ரீசனைக் காலியாக விடவும் முடியாது.

எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறவருக்கு “கேஷ்-பாஸ்வேர்டு என்ற சீக்ரெட் இந்த நேம்ஸ்பேஸில் இல்லை, அதை உருவாக்கினால் தானாகத் தொடரும்” என்று தன் மொழியில் ஒரு வரி இருந்தால் பாதிப் பதற்றம் குறையும். மெசேஜ் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதுதான், படித்தவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிய வேண்டும். கீழே இருந்து வந்த பிழைச் செய்தியை மட்டும் மொழிபெயர்க்காமல் உள்ளபடியே வாக்கியத்துக்குள் வையுங்கள், தேடிப் பார்க்க அதுதான் உதவும். பாஸ்வேர்டு இணைப்பு முகவரியோடு சேர்ந்து மெசேஜுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரெடிஸ் இணைப்பு எரர்களை அப்படியே ஒட்டும்போது இது நடக்கக்கூடியது, ஸ்டேட்டஸைப் படிக்க அனுமதி உள்ள எல்லோர் கண்ணிலும் படும்.

கேள்வி: செலவைக் குறைக்க இரவில் ரெப்ளிக்காவைப் பூஜ்யமாக்குகிறோம். அப்போது ரெடி ட்ரூவா ஃபால்ஸா? குழுவில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம்.

டெப்ளாய்மென்ட்டைக் கேட்டால் பூஜ்யம் கேட்டாய், பூஜ்யம் கொடுத்தேன், அவெய்லபிள் ட்ரூ என்றுதான் சொல்லும். கேநேட்டிவ் சர்வீஸும் பூஜ்யத்தில் இருக்கும்போது ரெடி ட்ரூவாக இருக்கலாம், அதற்கு நியாயம் இருக்கிறது: ஒரு ரிக்வெஸ்ட் வந்ததும் நடுவில் பிடித்து வைத்துக்கொண்டு பாட்டை எழுப்பிப் பதில் கொடுத்துவிடும். உங்கள் கேஷை எழுப்ப யாரும் இல்லை. இணைக்கப் போகிறவருக்குக் கதவு திறக்காது. அதனால் ஃபால்ஸ், ரீசனில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்படும் சொல். அலர்ட் அடிக்கிறவர்கள் அந்த ரீசனைப் பார்த்து விலக்கிக்கொள்ளலாம். அழிக்கச் சொல்லி ஃபைனலைசர் (அழிவதற்கு முன் நடக்கும் துப்புரவு வேலை) ஓடிக்கொண்டிருக்கும் கேஷுக்கும் இப்படியே ஃபால்ஸ்.

கேள்வி: ரெடி எழுதிவிட்டால் ஆர்கோ சிடி, ஃப்ளக்ஸ், ஹெல்ம் போன்ற டெப்ளாய் கருவிகள் எல்லாம் தானாகப் புரிந்துகொள்ளுமா?

மூன்றும் மூன்று விதம். ஆர்கோ சிடிக்கு உங்கள் கேஷ் என்றால் என்னவென்று தெரியாது, லூவா மொழியில் ஒரு சின்ன ஹெல்த் செக் எழுதிக் கொடுக்க வேண்டும். கண்டிஷனைப் படித்து ஹெல்தி, ப்ரோகிரஸிங், டிகிரேடட் என்று திருப்பினால் போதும், அப்சர்வ்ட்ஜெனரேஷன் ஒப்பீட்டை அதிலும் மறக்காமல் எழுதுங்கள். ஹெல்ம் 3-ல் வெயிட் கொடுத்தாலும் அது பாட், டெப்ளாய்மென்ட் போன்ற தெரிந்த வகைகளுக்குத்தான் காத்திருக்கும், கஸ்டம் ரிசோர்ஸைத் தாண்டிப் போய்விடும்.

ஃப்ளக்ஸ், கேஸ்டேட்டஸ் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறது, அது ரெடி கண்டிஷனைத் தானே புரிந்துகொள்ளும். ஆனால் அதில் ஒரு சந்து இருக்கிறது. கண்டிஷனும் இல்லை, அப்சர்வ்ட்ஜெனரேஷனும் இல்லை என்றால் “சொல்ல எதுவும் இல்லை, சரியாக இருக்கிறது” என்று எடுத்துக்கொள்ளும். கேஷ் உருவாகி, உங்கள் கன்ட்ரோலர் முதல் முறை தொடுவதற்குள் இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் வந்து பார்த்தால் முடிந்துவிட்டது என்று போய்விடும். ஃப்ளக்ஸ் தன் சொந்த ரிசோர்ஸ்களிலேயே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: ஸ்டேட்டஸின் மேல்மட்டத்தில் அப்சர்வ்ட்ஜெனரேஷன் ஃபீல்டு ஒன்று வைத்து, அதற்கு -1 என்ற டிஃபால்ட்டை சிஆர்டியிலேயே எழுதிவிடுகிறார்கள். ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஜெனரேஷன் 1, பார்த்தது -1, பொருந்தவில்லை, எனவே காத்திரு. கன்ட்ரோலர் முதல் முறை தொடும் முன்பே அந்த இடைவெளி அடைபடுகிறது. முதன்முதலில் பார்த்தபோது எழுதியவரைக் கைகுலுக்கத் தோன்றியது.

கேள்வி: என்வ்டெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி வைத்து ரெடிக்கு டெஸ்ட் எழுதினேன். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ட்ரூ வரவில்லை. அதே கோடு கைண்ட் கிளஸ்டரில் (சொந்தக் கணினியிலேயே ஓடும் முழு கிளஸ்டர்) ஓடுகிறது.

என்வ்டெஸ்ட்டில் ஏபிஐ சர்வரும் அதன் டேட்டாபேஸான எட்சிடியும் மட்டும்தான் ஓடுகின்றன. ஸ்டேட்ஃபுல்செட்டைப் பார்த்து பாட் உருவாக்கும் கன்ட்ரோலர் மேனேஜரும் இல்லை, பாட்டை ஓட்டும் க்யூப்லெட்டும் இல்லை. உங்கள் ஸ்டேட்ஃபுல்செட் அப்படியே கிடக்கும், அதன் ஸ்டேட்டஸை யாரும் எழுத மாட்டார்கள்.

அந்த வேலையை டெஸ்ட்டே செய்யட்டும். ஸ்டேட்ஃபுல்செட் உருவானதும் அதன் ஸ்டேட்டஸில் ரெடி ரெப்ளிக்கா, அப்டேட்டட் ரெப்ளிக்கா, அப்சர்வ்ட்ஜெனரேஷன் எல்லாவற்றையும் டெஸ்ட்டிலிருந்து நிரப்புங்கள், கேஷ் ட்ரூ ஆகிறதா பாருங்கள். கையில் இப்படி வந்துவிட்டதால், உண்மையான கிளஸ்டரில் வரவழைக்கக் கஷ்டமான நிலைகளையும் எளிதாக உண்டாக்கலாம். மூன்றில் இரண்டு மட்டும் ரெடி என்று எழுதுங்கள், ட்ரூ திரும்ப ஃபால்ஸாக வேண்டும். மூன்றும் ரெடி ஆனால் ஒன்று மட்டும் புது வடிவம் என்று எழுதுங்கள், அப்போதும் ஃபால்ஸ். சீக்ரெட்டை அழித்துவிட்டு ரீகன்சைல் எரர் திருப்பும் வழியில் ரெடி மாறுகிறதா பாருங்கள். கன்ட்ரோலரை நிறுத்திவிட்டு கேஷின் ஸ்பெக்கை மாற்றுங்கள், ட்ரூ அப்படியே இருக்கும், அப்சர்வ்ட்ஜெனரேஷன் மட்டும் ஒன்று பின்தங்கியிருக்க வேண்டும். நான் மேலே சொன்ன அந்த மாலையில் நடந்தது இந்த டெஸ்ட்தான், எங்களிடம் அன்று அது இல்லை. இவற்றை எழுதிய பிறகு, இமேஜ் பெயரை வேண்டுமென்றே தப்பாகக் கொடுக்கும் ஒரே ஒரு டெஸ்ட்டை மட்டும் கைண்ட் கிளஸ்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.